பாலே பள்ளியில் இடம் கிடைச்சாச்சு... ஆனா எந்தப் பள்ளி? பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள் என்ன?

‘பில்லி எலியட்’ (2000) படம் பார்த்தவர்களுக்கு அந்தக் கடிதக் காட்சி மறந்திருக்காது. வடகிழக்கு இங்கிலாந்தின் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். சுரங்கத் தொழிலாளி ஒருவரின் பையனுக்கு ராயல் பாலே ஸ்கூலிலிருந்து தபால் வருகிறது. மொத்தக் குடும்பமும் அந்த உறையைப் பார்த்துக்கொண்டு பிரிக்காமல் காத்திருக்கிறது. இடம் கிடைத்துவிட்டது எனத் தெரிந்ததும் அப்பா தெருவில் ஓடுகிறார். அப்புறம் நேராகப் பெரியவனான பில்லி, மேடை, ஒரு பாய்ச்சல். படம் முடிந்துவிடுகிறது.

நடுவில் இருக்கும் வருடங்களைப் படம் காட்டவில்லை. நிஜ வாழ்க்கையில் சிக்கல் முழுக்க அங்கேதான் இருக்கிறது. ஆடிஷனில் தேறும் பிள்ளைக்குச் சில சமயம் ஒன்றுக்கு இரண்டு கடிதங்கள் வரும். ஒன்று உலகமே அறிந்த பெயர். இன்னொன்று அவ்வளவு பிரபலமில்லாத, ஆனால் பணச் சுமையைக் குறைக்கும் பள்ளி. எதைத் தேர்ந்தெடுப்பது? 11 வயதிலோ 15 வயதிலோ எடுக்கும் இந்த முடிவு, பிள்ளையின் படிப்பு, உடல்நலம், குடும்பத்தின் கடன் எல்லாவற்றையும் தொடும். ஆனால் பெரும்பாலான பெற்றோர் முதலில் கேட்பது, “அங்கே படிச்சு பெரிய ஆள் ஆனவங்க யார்?” என்றுதான்.

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: அங்கே சேர்ந்து டான்சர் ஆகாமல் போன பிள்ளைகள் என்ன ஆனார்கள்? ஏனென்றால், சேருகிறவர்களில் அவர்கள்தான் அதிகம்.

வொகேஷனல் பாலே ஸ்கூல்னா என்ன?

வொகேஷனல் என்றதும் நமக்கு ஐ.டி.ஐ.தான் நினைவுக்கு வரும். பிரிட்டனின் பாலே உலகில் இதற்குப் பொருள் வேறு. கணக்கு, அறிவியல், ஆங்கிலம் எல்லாம் உண்டு. அதோடு தினமும் பல மணி நேரம் நடனப் பயிற்சி. பெரும்பாலும் விடுதி வாழ்க்கை. தொழில்முறை டான்சரை உருவாக்குவதுதான் பள்ளியின் நோக்கம். பொழுதுபோக்காகக் கற்பவர்களுக்கு அங்கே இடமில்லை.

நுழைவதற்கு இரண்டு முக்கியமான வாசல்கள். ஒன்று 11 வயதில். அப்படிச் சேர்ந்தால் 16 வயதில் ஜி.சி.எஸ்.இ. எழுத வேண்டும், நம் ஊர் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மாதிரி. இரண்டாவது வாசல் 16 வயதில். அதற்குப் பிறகு பள்ளிப் பாடம் சுருங்கி, நடனம் கிட்டத்தட்ட முழுநேர வேலையாகிவிடும். 18, 19 வயதில் கம்பெனி ஆடிஷன். (பாலேயில் ‘கம்பெனி’ என்றால் தொழில்முறை நடனக்குழு. நம் பழைய நாடகக் கம்பெனி என்று சொல்வோமே, அதே பொருள்.)

இங்கே அடிக்கடி வரும் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். இந்தியாவில் பாலே கற்கும் பிள்ளைகள் பலர் எழுதும் கிரேடு தேர்வுகளை நடத்துவது ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ். 1920-ல் தொடங்கப்பட்ட, தேர்வுகளும் ஆசிரியர் பயிற்சியும் நடத்தும் அமைப்பு அது. ராயல் பாலே ஸ்கூல் வேறு. கிரேடு தேர்வில் டிஸ்டிங்ஷன் வாங்கிவிட்டால் வொகேஷனல் பள்ளியில் இடம் உறுதி என்று நினைத்துவிடக் கூடாது. ஆடிஷனில் பார்ப்பது வேறு விஷயங்கள்: இடுப்பு மூட்டிலிருந்து கால் எவ்வளவு வெளிப்பக்கமாகத் திரும்புகிறது, பாதத்தின் வளைவு எப்படி, கை கால் உடம்பின் அளவு விகிதம், தாளம் காதில் விழுகிறதா, சொன்னதை எவ்வளவு வேகமாகப் பிடித்துக்கொள்கிறது. இதில் பாதி, உழைப்பால் வருவதில்லை.

எந்தெந்தப் பள்ளிகள்?

முதல் பெயர் ராயல் பாலே ஸ்கூல். நினெட் டி வல்வா 1926-ல் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. 11 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகள் லண்டன் ரிச்மண்ட் பார்க்கில் இருக்கும் ‘வொயிட் லாட்ஜ்’ கட்டிடத்தில் படிக்கிறார்கள். 18-ம் நூற்றாண்டில் அரச குடும்பத்தின் வேட்டை மாளிகையாக இருந்தது அது. 1955 முதல் பள்ளி அங்கே இயங்குகிறது. 16-க்கு மேற்பட்டவர்களுக்கு கோவென்ட் கார்டனில் தனிக் கட்டிடம். அங்கிருந்து எதிரே இருக்கும் ராயல் ஓப்ரா ஹவுஸுக்கு, தெருவுக்கு மேலே முறுக்கிவிட்டது போல ஒரு பாலம் போகிறது. அதற்குப் பெயரே ‘ஆசைகளின் பாலம்’ என்கிற மாதிரிதான் வைத்திருக்கிறார்கள். அந்தப் பாலத்தைத் தாண்டி ராயல் பாலே கம்பெனிக்குள் போகிறவர்கள் வருடத்துக்கு ஒரு சிலர்தான் என்பதைப் புகைப்படங்கள் சொல்வதில்லை.

அடுத்தது எல்ம்ஹர்ஸ்ட். சர்ரே பகுதியில் இருந்த பள்ளி, 2004-ல் பர்மிங்காமுக்கு இடம் மாறியது. பர்மிங்காம் ராயல் பாலே கம்பெனியோடு நெருங்கிய தொடர்பு உள்ளது. 11 முதல் 19 வரை ஒரே வளாகத்தில் படிக்கலாம்.

ட்ரிங் பார்க், ஹேமண்ட் இரண்டும் கொஞ்சம் வேறு ரகம். ட்ரிங் பார்க் ஒரு காலத்தில் ராத்ஸ்சைல்டு குடும்பத்தின் மாளிகை. ஹேமண்ட் செஸ்டர் நகரில் இருக்கிறது. இரண்டிலும் நடனத்தோடு நடிப்பு, மியூசிக்கல் தியேட்டர், இசை என்று வேறு துறைகளும் உண்டு. பாலே ரசிகர்கள் இதை ஒரு குறை மாதிரிப் பேசுவார்கள். ‘சுத்தமான பாலே பள்ளி இல்லை’ என்பார்கள். ஆனால் 14 வயதில் ஒரு பெண் “எனக்கு நடிப்புதான் பிடிச்சிருக்கு” என்று சொன்னால், பள்ளியை விட்டு வெளியேறாமலேயே பாதையை மாற்றிக்கொள்ள வழி இருப்பது சின்ன விஷயமா? பெற்றோர் குறைத்து மதிப்பிடும் அம்சங்களில் இதுதான் முதலிடம்.

16 வயதில் மட்டும் சேர்க்கும் இடங்களும் முக்கியமானவை. இங்கிலீஷ் நேஷனல் பாலே ஸ்கூல், 1982-ல் தொடங்கிய சென்ட்ரல் ஸ்கூல் ஆஃப் பாலே, பாலேவையும் கன்டெம்ப்ரரி நடனத்தையும் சமமாகச் சொல்லித்தரும் ட்விக்கன்ஹாமின் ராம்பெர்ட் ஸ்கூல். சென்ட்ரலில் கடைசி வருட மாணவர்கள் ‘பாலே சென்ட்ரல்’ என்ற பெயரில் ஊர் ஊராகப் போய் நிகழ்ச்சி நடத்துவார்கள். இன்று ஒரு ஊர், நாளை இன்னொரு ஊர், முன்பின் தெரியாத மேடை, ஒத்திகைக்குக் குறைந்த நேரம். தொழில் எப்படி இருக்கும் என்பதை அதைவிட நன்றாகக் கற்றுத்தர முடியாது.

நடுவில் அனுப்பிவிடுவார்களா?

அனுப்புவார்கள். ‘அசெஸ்டு அவுட்’ என்று இதற்கு ஒரு சொல்லே இருக்கிறது. வருடா வருடம் ஆசிரியர் குழு ஒவ்வொரு பிள்ளையையும் மதிப்பிடும். இனி தொழில்முறை டான்சராக வாய்ப்பில்லை என்று முடிவெடுத்தால், அடுத்த கல்வியாண்டில் இடம் கிடையாது. தேர்வில் ஃபெயில் ஆனதால் இல்லை. சேட்டை செய்ததால் இல்லை. பல நேரங்களில், உடம்பு எதிர்பார்த்த மாதிரி வளராததால்.

இதில் இருக்கும் அபத்தத்தைக் கவனியுங்கள். 11 வயதில் ஒல்லியாக, நீளமான கால்களோடு இருக்கும் பிள்ளையைப் பள்ளி தேர்ந்தெடுக்கிறது. 13, 14 வயதில் பருவமடைதல் வருகிறது. உயரம் கூடுகிறது, இடுப்பு அகலமாகிறது, தற்காலிகமாக உடல் கட்டுப்பாடே குலைகிறது. நேற்று வரை சுற்றிய சுற்று இன்று வரவில்லை. சரியாக அந்த நேரத்தில் மதிப்பீடு நடக்கிறது. மூன்று வருடம் அதே விடுதியில், அதே தோழிகளோடு வாழ்ந்த பிள்ளை, ஜி.சி.எஸ்.இ. பாடங்கள் தொடங்கும் வயதில் ஊருக்குத் திரும்பி வேறு பள்ளி தேட வேண்டும். “உன்னிடம் திறமை இல்லை” என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் பிள்ளைக்கு அப்படித்தான் கேட்கும்.

எல்லாப் பள்ளிகளும் இதை ஒரே மாதிரி செய்வதில்லை. எத்தனை வருடத்துக்கு இடம் உறுதி, மதிப்பீடு எந்த வகுப்பில், எவ்வளவு முன்கூட்டியே சொல்வார்கள், வெளியேறும் பிள்ளைக்கு வேறு பள்ளி தேட உதவுவார்களா — இவை பள்ளிக்குப் பள்ளி மாறும். ஓபன் டேயில் வாய்மொழியாகக் கேட்டால் இனிப்பான பதில்தான் வரும். எழுத்தில் கேட்க வேண்டும். ‘கடந்த ஐந்து வருடத்தில் 11 வயதில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் 16 வரை இருந்தார்கள்?’ என்ற ஒரே கேள்வி போதும். எண்ணிக்கையைச் சொல்லத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

16 வயது வாசல் இன்னும் குறுகலானது. வொயிட் லாட்ஜில் ஐந்து வருடம் படித்தவர்களுக்குக்கூட மேல்நிலைப் பள்ளியில் தானாக இடம் கிடைத்துவிடாது. அந்த வயதில் உலகம் முழுவதிலிருந்தும் போட்டியாளர்கள் வருகிறார்கள். சுவிட்சர்லாந்தில் 1973 முதல் நடக்கும் ‘ப்ரீ த லொசான்’ போட்டியில் பரிசு வெல்பவர்களுக்கு, முன்னணிப் பள்ளிகளில் படிக்க உதவித்தொகை கிடைக்கும். ஆஸ்திரேலியாவின் ஸ்டீவன் மெக்ரே, ரஷ்யாவின் பேர்ம் நகரிலிருந்து வந்த வாடிம் முண்டகிரோவ் இருவரும் அந்த வழியாகத்தான் லண்டனுக்கு வந்தார்கள். பின்னாளில் ராயல் பாலேயின் முதன்மை டான்சர்கள் ஆனார்கள்.

இதைத் திருப்பிப் போட்டும் பார்க்கலாம். 11 வயதில் இடம் கிடைக்கவில்லை என்றால் கதை முடிந்துவிடவில்லை. பிரிட்டனின் மிகப் பிரபலமான பாலே நட்சத்திரங்களில் ஒருவரான டார்ஸி பஸல் வொயிட் லாட்ஜில் சேர்ந்தது 13 வயதில். 20 வயதில் ராயல் பாலேயின் முதன்மை டான்சர் ஆகிவிட்டார். அமெரிக்காவின் மிஸ்டி கோப்லண்ட் பாலே வகுப்புக்கே போகத் தொடங்கியது 13 வயதில்தான். 2015-ல் அமெரிக்கன் பாலே தியேட்டரின் முதல் கறுப்பின முதன்மை பெண் டான்சர் ஆனார். வீட்டிலிருந்தபடியே உள்ளூர் ஆசிரியரிடம் கற்று, வார இறுதியில் பெரிய பள்ளிகளின் ‘அசோசியேட்’ வகுப்புகளுக்குப் போய்வந்து, 16-ல் சேருகிற வழியும் இருக்கிறது. அம்மா சமையல், சொந்தக் கட்டில், வழக்கமான பள்ளி நண்பர்கள் எல்லாம் கையில் இருக்கும்போது வளர்ச்சிக் காலத்தைத் தாண்டிவிடலாம். நல்ல உள்ளூர் ஆசிரியர் கிடைத்திருந்தால், இது இரண்டாம்தர வழி இல்லை.

உடம்பு தாங்குமா?

பாலேயில் கால் முழுவதுமாக வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். இது இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். மூட்டின் எலும்பு அமைப்பு அதற்கு இடம் தராதபோது, பிள்ளைகள் முழங்காலையும் கணுக்காலையும் முறுக்கி அந்தக் கோணத்தைக் கொண்டுவரப் பார்ப்பார்கள். காயம் தொடங்கும் இடம் அது. வளரும் வயதில் எலும்பு நுனிகளில் இருக்கும் வளர்ச்சித் தகடுகள் இன்னும் கெட்டியாகியிருக்காது. பாத எலும்பில், குறிப்பாக இரண்டாவது விரலுக்கான நீள எலும்பில், அழுத்தத்தால் வரும் மெல்லிய விரிசல் பாலே மாணவிகளிடம் அடிக்கடி பார்க்கப்படுவது.

சாப்பாடு அதைவிடப் பெரிய விஷயம். உழைக்கும் அளவுக்குச் சாப்பிடாவிட்டால் மாதவிடாய் நின்றுபோகும், எலும்பு அடர்த்தி குறையும், காயம் ஆறாது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இதற்கு ‘ரெட்-எஸ்’ என்ற பெயரில் ஒரு மருத்துவ வரையறையே கொடுத்தது. எலும்பு வலுப்பெறும் முக்கிய காலம் டீன்-ஏஜ். அப்போது சேமிக்காததைப் பிறகு முழுதாக ஈடுகட்ட முடியாது. ‘பீரியட்ஸ் வரலன்னா டான்சருக்கு சகஜம்’ என்று எந்த ஆசிரியராவது சொன்னால், அந்தப் பள்ளியைப் பற்றி மறுபடி யோசிப்பது நல்லது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2019-ல் ஆஸ்திரியாவின் வியன்னா ஸ்டேட் ஓப்ராவின் பாலே அகாடமி மீது புகார்கள் வெளியாகின. விசாரித்த சிறப்புக் குழு, பிள்ளைகளின் நலன் போதுமான அளவு பாதுகாக்கப்படவில்லை என்று அந்த ஆண்டு இறுதியில் அறிக்கை கொடுத்தது. ஒல்லியாக இருக்க சிகரெட் பிடிக்கச் சொன்னதாகக்கூட அதில் வந்தது. 2023 செப்டம்பரில் பிபிசியின் ‘பனோரமா’ நிகழ்ச்சி, ராயல் பாலே ஸ்கூல், எல்ம்ஹர்ஸ்ட் ஆகியவற்றின் முன்னாள் மாணவர்கள் சிலர், உடல் எடையைச் சொல்லி அவமானப்படுத்தப்பட்டதாகக் கூறியதை ஒளிபரப்பியது. மாணவர் நலனைத் தீவிரமாக எடுத்துக்கொள்வதாகப் பள்ளிகள் தரப்பில் பதில் வந்தது. பெயர் பெரிதாக இருப்பதும் பிள்ளை பத்திரமாக இருப்பதும் வேறு வேறு என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அப்படியானால் என்ன பார்ப்பது? இங்கிலாந்தின் விடுதிப் பள்ளிகளை வெளி ஆய்வு அமைப்புகள் அவ்வப்போது ஆய்வு செய்கின்றன. அந்த அறிக்கைகள் இணையத்தில் இலவசம். பள்ளியின் பளபளப்பான பிராஸ்பெக்டஸைப் படிப்பதற்கு முன் அதைப் படியுங்கள். குறிப்பாக, பிள்ளைகள் பாதுகாப்பு பற்றிய பகுதியை. பிசியோதெரபிஸ்ட் முழுநேரமா, வாரம் ஒரு நாளா? ஊட்டச்சத்து நிபுணர் இருக்கிறாரா? காயம்பட்ட பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து பார்க்க வேண்டுமா, அல்லது அதற்கெனத் தனிப் பயிற்சித் திட்டம் இருக்கிறதா? பிள்ளையின் எடையை யார் பார்க்கிறார்கள். மருத்துவரா, நடன ஆசிரியரா? கடைசிக் கேள்விக்கான பதில் நிறையச் சொல்லிவிடும்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது உணவுக்கூடத்தில் அரை மணி நேரம் உட்கார முடிந்தால் இன்னும் நல்லது. பெரிய வகுப்புப் பெண்கள் தட்டில் என்ன வைத்துக்கொள்கிறார்கள், எவ்வளவு மிச்சம் வைக்கிறார்கள் என்று பாருங்கள். ஸ்டுடியோவில் எல்லாரும் அழகாகத்தான் ஆடுவார்கள்.

எவ்வளவு செலவாகும்?

விடுதியோடு சேர்த்து வருடத்துக்கு 30 ஆயிரம் பவுண்டைத் தாண்டுவது சாதாரணம். நம் கணக்கில் சுமார் 35 லட்சம் ரூபாய்க்கு மேல். 2025 ஜனவரியிலிருந்து பிரிட்டனில் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத வாட் வரி வேறு வந்துவிட்டது. இதற்கு மேல் பாயின்ட் ஷூ. விரல் நுனியில் நிற்க உதவும் அந்தக் காலணி ஒரு ஜோடி 50 பவுண்டு வாக்கில் வரும். தீவிரமாகப் பயிற்சி செய்யும் மாணவிக்கு ஒரு வாரம் தாங்கினாலே பெரிது.

இவ்வளவு பணம் கட்டி யார் படிக்கிறார்கள் என்றால், இங்கிலாந்து அரசின் ‘மியூசிக் அண்ட் டான்ஸ் ஸ்கீம்’ இருக்கிறது. ராயல் பாலே ஸ்கூல், எல்ம்ஹர்ஸ்ட், ட்ரிங் பார்க், ஹேமண்ட் ஆகிய நான்கு நடனப் பள்ளிகளுக்கு இதன் நிதி உண்டு. குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணம் நிர்ணயிக்கப்படும். வருமானம் மிகக் குறைவு என்றால் கட்டணமே இருக்காது. கூடக்கூட பெற்றோர் பங்கும் கூடும். 16-க்கு மேல் டிப்ளமா படிப்புகளுக்கு ‘டான்ஸ் அண்ட் டிராமா அவார்ட்ஸ்’ என்ற உதவி சில பள்ளிகளில் கிடைக்கிறது. சென்ட்ரல், ராம்பெர்ட் மாதிரி பட்டப்படிப்பாக நடத்தும் இடங்களில், பிரிட்டன் மாணவர்கள் மற்ற கல்லூரிகளைப் போலவே அரசுக் கல்விக் கடன் வாங்கலாம்.

இங்கே ஒரு வலை இருக்கிறது. இடம் கிடைப்பதும் நிதி கிடைப்பதும் ஒன்றல்ல. ‘இடம் உண்டு, நிதி காத்திருப்புப் பட்டியலில்’ என்று கடிதம் வந்தால், முதல் வருடத்தை எப்படியாவது சமாளித்துவிட்டு அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டை அடமானம் வைக்க யோசிக்கும் பெற்றோர் உண்டு. அடுத்த வருடமும் நிதி வராவிட்டால், பிள்ளையை நடுவில் நிறுத்த வேண்டியிருக்கும். பிள்ளையும் தன்னால்தான் வீட்டுக்குக் கடன் என்ற பாரத்தோடு ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் போய் நிற்கும். கையில் உறுதியான நிதி இருக்கும் பள்ளியை, நிச்சயமில்லாத பெரிய பெயருக்காக விடக் கூடாது.

பிரிட்டன் மட்டும்தான் வழி என்றும் இல்லை. 1713-ல் தொடங்கிய பாரிஸ் ஓப்ராவின் நடனப் பள்ளி அரசு நிறுவனம்; பயிற்சிக்குக் கட்டணம் கிடையாது. ஜெர்மனியிலும் அரசு நடனப் பள்ளிகள் உண்டு. மொழியும் தூரமும் வேறு கேள்விகள்.

படிச்சா வேலை கிடைக்குமா?

பிரிட்டனில் பெரிய பாலே கம்பெனிகள் என்று சொன்னால் ஐந்துதான்: ராயல் பாலே, பர்மிங்காம் ராயல் பாலே, இங்கிலீஷ் நேஷனல் பாலே, லீட்ஸின் நார்தர்ன் பாலே, கிளாஸ்கோவின் ஸ்காட்டிஷ் பாலே. வருடத்துக்கு ஒவ்வொன்றிலும் காலியாகும் இடங்களைக் கைவிரலில் எண்ணலாம். முன்பு ஐரோப்பா முழுவதும் ஆடிஷனுக்குப் போகலாம் என்ற நிலை இருந்தது. பிரெக்சிட்டுக்குப் பிறகு, 2021-லிருந்து, பிரிட்டன் பாஸ்போர்ட் மட்டும் வைத்திருப்பவருக்கு ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வேலை செய்ய அனுமதி தேவை. ஒரே திறமையுள்ள இருவரில் விசா தேவைப்படாதவரை எடுப்பது இயக்குநருக்கு எளிது. இதைப் பள்ளிகள் தங்கள் இணையதளத்தில் பெரிதாகப் போடுவதில்லை.

பள்ளிகள் வெளியிடும் ‘எங்கள் மாணவர்கள் எங்கே?’ பட்டியலையும் கவனமாகப் படிக்க வேண்டும். ‘கம்பெனியில் சேர்ந்தார்’ என்றால் சம்பளமா, ஒரு வருட அப்ரண்டிஸா, அல்லது பணம் கட்டிச் சேரும் டிரெய்னி திட்டமா? மூன்றும் அந்தப் பட்டியலில் ஒரே வரியில் இருக்கும். அவர் அந்தப் பள்ளியில் எத்தனை வருடம் படித்தார் என்பதும் முக்கியம். ஏற்கெனவே வேறு நாட்டில் எட்டு வருடம் கற்று, கடைசி ஒரு வருடம் மட்டும் வந்துபோன நட்சத்திரத்தின் பெயரைத் தன் கணக்கில் எழுதிக்கொள்வது எல்லா ஊர்ப் பள்ளிகளுக்கும் வழக்கம்தான். நம்ம ஊர் கோச்சிங் சென்டர் விளம்பரங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை.

இந்தியாவிலிருந்து போனவர்கள் உண்டா?

உண்டு. மும்பைப் பகுதியில் வெல்டர் ஒருவரின் மகனான அமிருத்தீன் ஷா 2017-ல் ராயல் பாலே ஸ்கூலில் சேர்ந்தார். ‘யே பாலே’ (2020) படம் அவரையும் மணீஷ் சவுகானையும் வைத்து எடுக்கப்பட்டதுதான். டெல்லியில் இ-ரிக்‌ஷா ஓட்டுநரின் மகனான கமல் சிங், 2020-ல் இங்கிலீஷ் நேஷனல் பாலே ஸ்கூலின் ஒரு வருடப் பயிற்சிக்குத் தேர்வானார். ஷா, கமல் சிங் இருவருமே பொதுமக்களிடம் நிதி திரட்டித்தான் லண்டன் போனார்கள். வெளிநாட்டிலிருந்து நேராக வரும் மாணவர்களுக்கு மேலே சொன்ன இங்கிலாந்து அரசு உதவி கிடைக்காது. அதற்கு அங்கே வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. 17 வயது வரை ‘சைல்டு ஸ்டூடன்ட்’ விசா தனி. அதற்குப் பள்ளியின் ஒப்புதல் கடிதமும் பண வசதிக்கான ஆதாரமும் வேண்டும்.

தமிழ்நாட்டுக்கும் பாலேவுக்கும் இன்னொரு பழைய தொடர்பு இருக்கிறது. கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல் முதலில் கற்றுக்கொண்டது பாலேதான். ரஷ்ய நடனக் கலைஞர் அன்னா பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டி அவருக்குக் கற்றுத்தந்தார். பாவ்லோவாதான் அவரை இந்திய நடனத்தின் பக்கம் பார்க்கச் சொன்னவர். ஒரு கலையில் கற்றது இன்னொன்றில் உதவும் என்பதற்கு நம் ஊர் உதாரணம் இது.

சரி, இரண்டு கடிதமும் கையில் இருக்கு. எதை எடுக்கிறது?

லண்டனில் வசிக்கும் 15 வயதுப் பெண் என்று வைத்துக்கொள்வோம். 16-ல் சேர இரண்டு இடம். ஒன்று மிகப் பெரிய பெயர்: முழுக்க கிளாசிக்கல் பாலே, டிப்ளமா, நிதி பாதிதான். இன்னொன்று பட்டப்படிப்பு: பாலேவும் கன்டெம்ப்ரரியும் சமம், கல்விக் கடன் கிடைக்கும், வீட்டிலிருந்தே போய்வரலாம்.

பெண்ணின் உடல்வாகு, டெக்னிக் இரண்டையும் பார்த்து, கிளாசிக்கல் கம்பெனியில் இடம் பிடிக்க நிஜமான வாய்ப்பு இருக்கிறது என்று சம்பந்தமில்லாத ஒரு மூன்றாவது ஆசிரியர் சொன்னால், முதல் பள்ளியை எடுப்பதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பயிற்சியை 20 வயதில் தேடிப் பிடிக்க முடியாது. ‘நல்லா ஆடுறா, முயற்சி பண்ணலாம்’ என்ற அளவில் மட்டும் பதில் வந்தால், இரண்டாவதுதான் சரி. கன்டெம்ப்ரரி, மியூசிக்கல், ஆசிரியர் பணி என்று பட்டத்தோடு திறக்கும் கதவுகள் அதில் அதிகம். யாரைக் கேட்பது என்பதிலும் கவனம் வேண்டும். இத்தனை வருடம் கற்றுத்தந்த சொந்த ஆசிரியருக்கு, தன் மாணவி பெரிய பெயருள்ள இடத்துக்குப் போவது பெருமை. அவரால் நடுநிலையாகச் சொல்வது கஷ்டம்.

பிள்ளையையும் கேட்க வேண்டும். ‘உனக்கு டான்ஸ் பிடிக்குமா?’ என்று கேட்டால் பிடிக்கும் என்றுதான் சொல்லும். ‘அடுத்த வருஷம் கால்ல அடிபட்டு ஆறு மாசம் ஆட முடியலன்னா, அந்தப் பள்ளியில இருக்கப் பிடிக்குமா?’ என்று கேட்டுப் பாருங்கள். ஓபன் டேயில் பார்த்த ஆசிரியர்கள், விடுதி அறை, படிப்பு, சீனியர் பிள்ளைகள் பேசிய விதம் எல்லாம் அப்போதுதான் அதன் நினைவுக்கு வரும்.

இடத்தை ஏற்கிறோமா என்று சொல்லப் பள்ளிகள் கெடு வைத்திருக்கும். அந்தக் கெடுவுக்குள் இன்னொரு முறை நேரில் போய், சாதாரண வேலைநாளில் ஒரு வகுப்பைப் பார்க்க அனுமதி கேளுங்கள். போக முடியாவிட்டால், அங்கிருந்து நடுவில் வெளியேறிய பிள்ளையின் பெற்றோர் யாரோடாவது பேச முடியுமா என்று பாருங்கள். பள்ளி அறிமுகப்படுத்தும் பெற்றோர் நல்லதுதான் சொல்வார்கள். வெளியேறியவர்களை நீங்களேதான் தேடிப் பிடிக்க வேண்டும். அதே அசோசியேட் வகுப்பு வாசலில் காத்திருக்கும் அம்மாக்களிடம் விசாரித்தால் ஒருவராவது கிடைப்பார்.